இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்: டேண்டம் ஓட்ட நினைப்பவர்களுக்கு

நம்மூரில் டபுள்ஸ் என்றால் ஒருவர் மிதிப்பார், இன்னொருவர் கேரியரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருவார். டேண்டம் அப்படியில்லை. இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், இரண்டு பேருக்கும் வேலை உண்டு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு விடுகிறார்களே, அந்த நீளமான சைக்கிள்தான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்தில். என் கணவர் நன்றாக சைக்கிள் ஓட்டுவார், நான் மெதுவாகத்தான் போவேன். தனித்தனி சைக்கிளில் கிளம்பினால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் எனக்காகக் காத்து நிற்பார். நான் போய்ச் சேரும்போது அவருக்கு ஓய்வு முடிந்திருக்கும், எனக்கு அப்போதுதான் மூச்சு வாங்கும். இரண்டு பேருக்கும் அது சந்தோஷமாக இல்லை. டேண்டம் வந்தபிறகு அந்தப் பிரச்சினையே இல்லாமல் போயிற்று. அவர் பலம் அவருக்கு, என் பலம் எனக்கு, ஆனால் போய்ச் சேர்வது ஒன்றாக. மூன்று வருஷம் பின்சீட்டில் இருந்தேன். அதன்பிறகு மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்சீட்டுக்கு வந்தேன். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

யார் எங்கே

முன்னால் இருப்பவரைக் கேப்டன் என்பார்கள், பின்னால் இருப்பவரை ஸ்டோக்கர் என்பார்கள். ஸ்டோக்கர் என்பது நீராவிக் கப்பலில் கரி அள்ளி உலையில் போடுபவரின் பெயர். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் கேப்டன் கையில். ஸ்டோக்கருக்கு முன்னால் உள்ள ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

வலப்பக்கத்துச் செயின் பின் பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும். இடப்பக்கத்தில் இன்னொரு செயின் இருக்கும். அது முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கிறது. இதை டைமிங் செயின் என்பார்கள். அதன் இரண்டு பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டு பேர் காலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். கேப்டன் மிதித்தால் ஸ்டோக்கரின் கால் சுற்றியே ஆகும், கேப்டன் நிறுத்தினால் நின்றே ஆகும். டேண்டத்தின் சுகமும் சண்டையும் இந்தச் செயினில்தான் இருக்கின்றன.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு என் யோசனை: இருவரில் எடை கூடியவரும் சைக்கிள் பழக்கம் உள்ளவரும் முன்னால் இருக்கட்டும். பின்னால் இருப்பவர் லேசாக அசைந்தால்கூட அந்த அசைவு முழுவதும் முன்னவர் கைக்கு வரும். கை பழகிய பிறகு மாற்றிப் பார்க்கலாம்.

முதலில் வாடகைக்கு எடுங்கள்

உடனே காசு போட்டு வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொடைக்கானல் ஏரிச் சாலை நல்ல இடம். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கிடைக்கும். இங்கிலாந்தில் என்றால் கார்ன்வாலில் வேட்பிரிட்ஜ் ஊரிலிருந்து பாட்ஸ்டோ வரை போகும் கேமல் டிரெயில். பழைய ரயில் பாதை என்பதால் அந்த ஐந்தரை மைலும் சமதளம்தான்.

வாடகை சைக்கிள் எங்கே எடுத்தாலும் ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள். நகரக் கூடாது. இரண்டு சீட்டும் அவரவர் உயரத்துக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின்சீட்டை அப்படியே விட்டுவிட்டு ஏறி, ஒரு மணி நேரத்தில் முட்டி வலி என்று இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதும் கிளம்புவதும்

இதைச் சரியாகச் செய்துவிட்டால் டேண்டத்தில் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. வண்டி இல்லாத வெறும் இடமாகப் பார்த்து, பத்து முறையாவது கிளம்பி நிறுத்திப் பழகுங்கள்.

முதலில் கேப்டன் ஏற வேண்டும். காலைப் பின்பக்கமாக வீசி ஏறாதீர்கள், அங்கே ஸ்டோக்கரின் ஹேண்டில் இருக்கிறது. சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்து, முன்பக்கமாகக் காலைத் தூக்கிப் போடுங்கள். சீட்டில் உட்கார வேண்டாம். இரண்டு காலையும் தரையில் நன்றாக அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். அகட்டி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் ஏறுபவர் பெடலைச் சுற்றும்போது உங்கள் பெடலும் சுற்றும். மகளோடு ஓட்ட ஆரம்பித்த முதல் வாரம் நான் கால்களைச் சேர்த்து நின்றிருந்தேன். அவள் ஏறியதும் ஆசையாக ஒரு சுற்றுச் சுற்றினாள். என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்ட அடி கன்றி, இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

அப்புறம் ஸ்டோக்கர் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு காலையுமே. அவர் ஏறி அசைந்து சரியாக உட்காரும்வரை சைக்கிள் சுவர் மாதிரி நிற்க வேண்டியது கேப்டனின் பொறுப்பு. இந்த இடத்தில் சைக்கிள் ஆடினால் பின்னால் இருப்பவருக்கு வரும் பயம் சுலபத்தில் போகாது.

உட்கார்ந்ததும் ஸ்டோக்கர் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கேப்டன் மிதித்துக் கிளம்பும் பெடலை மேலே கொண்டுவந்து கொடுக்கிறார். கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் வாக்கில் இருந்தால் சரி. கேப்டன் அதில் ஒரு காலை வைத்து, "ரெடியா?" என்று கேட்கிறார். பின்னாலிருந்து "ரெடி" என்று பதில் வரும்வரை பிரேக்கை விடக்கூடாது. வந்ததும் பிரேக்கை விட்டு இருவரும் சேர்ந்து அழுத்த வேண்டும். அந்த முதல் இரண்டு மிதியில் ஸ்டோக்கர்தான் வண்டியை ஓட்டுகிறார் என்றே சொல்லலாம். அவர் தயங்காமல் அழுத்தினால் கேப்டன் நிதானமாக சீட்டில் உட்கார்ந்து, இன்னொரு காலுக்குப் பெடலைத் தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

நிற்கும்போது கேப்டன் மட்டும் காலை ஊன்ற வேண்டும். ஸ்டோக்கர் காலைப் பெடலிலிருந்து எடுக்கவே வேண்டாம், சிக்னலில் நின்றாலும் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். விழுந்துவிடுவோமோ என்று பின்னால் இருப்பவரும் காலை ஊன்றப் போனால்தான் சைக்கிள் ஒரு பக்கம் சாயும்.

வாயைத் திறந்து சொல்லுங்கள்

பின்சீட்டில் மூன்று வருஷம் எனக்கு முன்னால் தெரிந்தது அவர் சட்டையின் முதுகுத் தையல்தான். சாலையில் என்ன வருகிறது என்று ஸ்டோக்கருக்குத் தெரியாது. தனி சைக்கிளில் பள்ளத்தைப் பார்த்ததும் நம்மை அறியாமலே சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வோம். பின்னால் அது முடியாது. யாரும் சொல்லாவிட்டால் முழு அடியும் முதுகெலும்பில் இறங்கும். "என்னங்க, பள்ளம்னா சொல்லக் கூடாதா?" என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

அதனால் நீளமாகப் பேசாமல், ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகுங்கள். எங்கள் வீட்டில் நான்கைந்துதான். "பள்ளம்" என்றால் பெடலைச் சமமாக நிறுத்தி, இருவரும் சீட்டிலிருந்து லேசாக எழ வேண்டும். வேகத்தடைக்கும் அதே சொல். "விடு" என்றால் மிதிப்பதை நிறுத்து. "கியர்" என்றால் கியர் மாற்றும் அந்த ஒரு கணம் அழுத்தத்தைக் குறை, இல்லாவிட்டால் செயின் கடகடவென்று அடித்துக்கொள்ளும். "நிற்கிறோம்" என்றால் நிற்கிறோம். பின்னாலிருந்து வரும் சொல்லுக்கும் அதே மதிப்பு உண்டு. ஸ்டோக்கர் "மெதுவா" என்றால் ஏன் என்று கேட்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

டேண்டம் ஓட்டுபவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு: ஸ்டோக்கர் தப்பே செய்வதில்லை. நான் இதை முழுமனதோடு நம்புகிறேன். திருப்புவதும் நிறுத்துவதும் கியர் போடுவதும் அவர் கையில் இல்லாதபோது தப்பு எங்கிருந்து வரும்? அதனால் எது நடந்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கேப்டன்தான். முன்சீட்டுக்குப் போன பிறகு இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

மிதிக்கும் வேகத்திலும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். என் கணவருக்குக் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கும் பழக்கம். எனக்கு லேசான கியரில் வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டி வலிக்கும். இருவரும் நடுவில் ஒரு வேகத்துக்கு வந்து சேர ஒரு கோடைகாலமே ஆயிற்று. முட்டி வலி உள்ளவர் சொல்லும் வேகத்துக்கு மற்றவர் வருவதுதான் நியாயம்.

இன்னொன்று. டேண்டத்தில் சீட்டை விட்டு எழும் சந்தர்ப்பம் குறைவு என்பதால் உட்காருமிடம் சீக்கிரம் வலிக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சொல்லிவைத்து, பெடலைச் சமமாக நிறுத்தி, இருவரும் பத்து விநாடி எழுந்து நில்லுங்கள்.

மேடு, இறக்கம், திருப்பம்

இரண்டு பேர் பலம் இருந்தாலும் எதிர்க்காற்றுக்கு முகம் கொடுப்பது ஏறக்குறைய ஒரு ஆள்தான். அதனால் சமதளத்தில் டேண்டம் அருமையாகப் பறக்கும். மேட்டில் தனி சைக்கிள்கள் முந்திப் போகும், போகட்டும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி மேட்டில் பாரத்தோடு மாற்றினால் செயின் கழன்று விழும்.

கவனம் இறக்கத்தில்தான் வேண்டும். இரண்டு பேர் எடையும் சைக்கிள் எடையும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் போகலாம். இந்தச் சைக்கிள் நீளமாக இருப்பதால் முன்பிரேக்கை அழுத்தினால் குப்புறத் தள்ளிவிடும் என்ற பயம் கிட்டத்தட்ட இல்லை, இரண்டு பிரேக்கையும் தைரியமாகப் பிடிக்கலாம். ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் ரிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். மலைப்பக்கம் போவதாக இருந்தால் 203 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக் உள்ளதாகவோ, பின்சக்கரத்தில் தனியாக டிரம் பிரேக் உள்ளதாகவோ பாருங்கள். நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் டிஸ்க்கைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பேருந்து திரும்புவது போல கொஞ்சம் அகலமாக எடுத்துத் திருப்புங்கள்.

வாங்கும்போது

எங்களுடையது பழையது வாங்கியது. முதல் டேண்டம் பழையதாக இருப்பதே நல்லது என்பேன். புதியது ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு முறை ஓட்டிவிட்டு விற்பவர்கள் உண்டு.

பார்க்கப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். கேப்டன் நடுப்பாருக்கு மேல் நின்றால் இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும். நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஸ்டோக்கர் உட்கார்ந்து பார்த்து, கை மடக்காமல் வசதியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பழைய டேண்டம் பலவற்றில் பின்னால் இடம் குறுகல், மூக்கு முன்னவர் முதுகில் இடிக்கும்.

சக்கரத்தின் ஸ்போக்ஸை எண்ணிப் பாருங்கள். நம்மூர் பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் இருக்கும். ஒரு ஆள் சைக்கிளுக்கே அப்படி என்றால் இதற்குப் பின்னால் 36-க்குக் குறைந்து இருக்கக் கூடாது, 40 இருந்தால் நிம்மதி. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மில் கோட்டம் தெரிகிறதா பாருங்கள். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும். பின்சீட் கம்பியில் ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் போட்டுவிடுங்கள், ஸ்டோக்கருக்குச் செய்யும் பெரிய உபகாரம் அது.

குடும்பத்துக்கென்றே செய்யும் சைக்கிள்களும் உண்டு. பிரிட்டனின் சர்சி ஹீலியோஸ் 20 அங்குலச் சின்னச் சக்கரத்தில் ஓடுவது. பின்சீட்டை இறக்கினால் சின்னக் குழந்தை, ஏற்றினால் பெரியவர். ஜெர்மனியின் ஹாசே பினோவில் பின்னால் இருப்பவர்தான் ஓட்டுநர். முன்னால் இருப்பவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி மிதித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டு வரலாம், வேண்டாதபோது மிதிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். விலை அதிகம்தான். ஆனால் உடல்பலம் குறைந்தவரையும் கூட்டிக்கொண்டு போக அதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

பார்வை இல்லாதவர்களுக்கு டேண்டம் ஒரு வரம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாராலிம்பிக் சைக்கிள் போட்டியிலேயே பார்வையுள்ள பைலட் முன்னாலும் பார்வையற்ற வீரர் பின்னாலும் ஓட்டுகிறார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பின்சீட்டை முதலில் அவருக்குக் கொடுங்கள்.

குழந்தைகளோடு

வயதைவிட, தானாக நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொள்ளும் பக்குவம்தான் முக்கியம். எங்கள் மகளுக்கு அது ஐந்து வயதில் வந்தது. அந்த வயதில் கால் பெடலுக்கு எட்டாது. அதற்குப் பின்சீட் கம்பியில் உயரமாகப் பொருத்தும் குழந்தைகள் கிட் கிடைக்கிறது. சின்ன கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் தண்டு), சின்னப் பெடல், கீழே இறங்கும் ஒரு தனிச் செயின். பெரியவர்கள் சைக்கிளில் கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைச் சின்னக் கால்களுக்குக் கொடுத்தால் முட்டி நெஞ்சில் இடிக்கும்.

இதைவிடச் செலவு குறைந்த வழி, உங்கள் சாதாரண சைக்கிளின் பின்னால் மாட்டும் ஒற்றைச் சக்கர அரை சைக்கிள். ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்க அது போதும். ஆனால் குழந்தை அசைந்தால் உங்கள் சைக்கிளும் ஆடும்.

டேண்டத்தில் நீங்கள் மிதித்தால் குழந்தையின் பெடலும் நிற்காமல் சுற்றும் என்பதை மறக்காதீர்கள். கால் நழுவினால் சுற்றும் பெடல் வந்து அடிக்கும். பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் டோ கிளிப் போடுங்கள். ஷூ லேஸை உள்ளே செருகிவிடுங்கள், தொங்கும் துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப் வேண்டாம். ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம். ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் குழந்தையை ஏற்றிவிட்டு நகராதீர்கள். நீங்கள் இரு கால் ஊன்றி நின்ற பிறகுதான் அவள் ஏற வேண்டும், இறங்கும்போது அவள் இறங்கிய பிறகுதான் நீங்கள்.

எல்லோரும் மறந்துவிடுவது தூக்கம். சீராகச் சுற்றும் கால், முதுகுக்குப் பின்னால் கதகதப்பு, குழந்தைகள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார்கள். முன்னால் இருக்கும் நமக்குத் தெரியாது. என் மகள் பின்னால் பாடிக்கொண்டே வருவாள். பாட்டு நின்றால் நான் கூப்பிடுவேன், பதில் வராவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். குளிர்காலத்தில் அவளுக்கு என்னைவிட ஒரு சட்டை கூடுதல். நாம் மிதித்துச் சூடாகிவிடுகிறோம், குழந்தைக்கு அந்தச் சூடு வருவதில்லை.

பெல்லைக் குழந்தையின் ஹேண்டிலில் மாட்டிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பு அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மிதிக்கிறாளா இல்லையா என்று விசாரிக்காதீர்கள். மிதிக்கும்போது சமதளத்தில் யாரோ முதுகில் லேசாகக் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும், அப்போது அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

முதல் பயணம் ஐந்து கிலோமீட்டர் போதும், போய்ச் சேரும் இடத்தில் குழந்தைக்குப் பிடித்தது ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவே 13 மைலுக்கு ஒரு சைக்கிள் பாதை உண்டு. கைவிடப்பட்ட ரயில் பாதையை 1979-க்கும் 1986-க்கும் இடையில் இப்படி மாற்றினார்கள். அதில் வார்ம்லியிலிருந்து பிட்டன் நிலையம் வரை நாலைந்து கிலோமீட்டர்தான். பிட்டனில் இன்னும் நீராவி ரயில் விடுகிறார்கள். அங்கே இன்ஜினில் ஒருவர் மண்வாரியால் கரி அள்ளிப் போடுவதைக் காட்டி, "நீ செய்யுறதும் அந்த வேலைதான்" என்றேன். திரும்பும் வழி முழுக்க அவள் மிதித்தாள்.

பராமரிப்பும் வைக்கும் இடமும்

டைமிங் செயினை மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். கூடினால், முன் கிராங்க் அச்சு உட்கார்ந்திருக்கும் உருளையைத் தளர்த்தி, முன்பக்கமாகத் திருப்பி இறுக்க வேண்டும். நான் இதைத் தள்ளிப்போட்டு, ஒருநாள் வார்ம்லிக்குப் பக்கத்தில் அந்தச் செயின் கழன்று விழுந்தது. என் பெடல் சும்மா சுற்றியது. மகள் மட்டும் தன்னந்தனியாக மிதித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மாட்டும்போது இரண்டு கிராங்கும் ஒரே வாக்கில் நிற்கும்படி வைத்து, முதலில் பின் பல்சக்கரத்தில் போட்டு, பிறகு முன் சக்கரத்தில் விளிம்பிலிருந்து சுற்றி ஏற்ற வேண்டும். பழைய துணி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

டேண்டத்தின் நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர், அதாவது எட்டடி. வாங்கும் முன் வீட்டில் அளந்து பாருங்கள். ஆறடிக் கொட்டகையில் நுழையாது, மாடிப்படி திருப்பத்தில் சிக்கும். சைக்கிள் பாதைகளில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்திருக்கும் வளைவுக் கம்பிகளிலும் மாட்டும், அங்கே எல்லோரும் இறங்கித் தூக்க வேண்டியதுதான். ரயிலில் கொண்டுபோக நினைத்தால் முன்பே விசாரியுங்கள். நெதர்லாந்து ரயில்களில் டேண்டத்துக்கு அனுமதி இல்லை, பிரிட்டனிலும் பல ரயில்களில் ஏற்ற மாட்டார்கள். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு நடுவில் கழற்றி இரண்டாகப் பிரிக்கும் ஃபிரேம்கள் உண்டு.

குழந்தைகள் கிட்டைக் கழற்றும் நாளும் சீக்கிரம் வரும். எங்கள் மகளுக்குக் கால் நீண்டுவிட்டது, போன மாதம் கழற்றினோம். நட்டு, போல்ட் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்தச் செயின் எத்தனை கண்ணி என்று காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எங்களுக்கும் அது இன்னொரு குடும்பத்திடமிருந்து அப்படித்தான் வந்தது, அந்த அம்மா எழுதிவைத்த சீட்டோடு.